காலில் விரியன், காதில் ஈ

குற்றாலத்தில் சாரல் விழா மேடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திருக்குற்றாலக் குறவஞ்சியிலிருந்து சிங்கன் சிங்கி உரையாடலை ஆடியதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி எழுதத் தொடங்கிய குறிப்பு இது. பாதியில் கிடந்தது. இப்போதுதான் தூசி தட்டி முடிக்கிறேன்.

அன்றைக்கு கூட்டம் நன்றாகச் சிரித்தது. சிங்கன் வேடம் போட்ட பையன் சிங்கியின் காலைக் காட்டி, பாம்பைக் கண்டவன் மாதிரி பின்னால் குதித்தான். பக்கத்தில் இருந்தவர், "காட்டுப்பய, கொலுசக் கண்டதில்ல பாத்தேளா" என்றார். அவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: சிங்கன் வெகுளி, நகை நட்டு அறியாதவன், அதனால் சிலம்பைப் பாம்பு என்கிறான், அதில் நகைச்சுவை பிறக்கிறது. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண். நானும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

எனக்கு இப்போது அது சரியாகப் படவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றாலநாதர் உலா வருகிறார். வசந்தவல்லி பார்க்கிறாள், மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், கூடல் இழைத்துப் பார்க்கிறாள். அந்த நேரம் குறத்தி வருகிறாள், மலைவளம் பாடுகிறாள், கை பார்த்துக் குறி சொல்லுகிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். பிற்பாதியில் அவள் புருஷன் சிங்கன், நூவன் என்கிற கூட்டாளியோடு பறவை பிடிக்க வருகிறான். கண்ணியில் ஒன்றும் நிற்கவில்லை. மனசு பெண்டாட்டியைத் தேடுகிறது. கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அப்போது நடக்கிற பேச்சுதான் நான் சொல்லுகிற பாட்டு. எழுதியவர் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர், திரிகூடராசப்பக் கவிராயர். காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி.

குறவஞ்சி என்றதும் ஆட்களுக்கு ஞாபகம் வருவது குரங்கு பழம் கொடுக்கிற மலைவளப் பாட்டு. பாடப்புத்தகத்தின் புண்ணியம். வசந்தவல்லியின் அழகைச் சொல்லுகிற பகுதி 1994-இல் 'காதலன்' படத்தில் வந்தது. ருக்மிணி தேவி 1944-இல் இதை நாட்டிய நாடகமாக்கினார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் இந்தப் பாட்டுகளைச் சொல்லிச் சொல்லி ருசி ஏற்றினார். எல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் ருசித்துப் பழகிய வாய் கேள்வி கேட்காது என்று ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. இந்த நூலில் அருவி இருக்கிறது, சாரல் இருக்கிறது, சரி. ஒரு குடும்பத்துக்குள் எழும்புகிற மிகச் சங்கடமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு.

கேள்வி இதுதான். பெண்டாட்டி பல நாள் வீட்டில் இல்லை. திரும்பி வரும்போது உடம்பில் புது நகை. ஏது?

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டாலும் தப்பாகப் போகும். கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி. கேட்காவிட்டால் மனசுக்குள் புழு. சிங்கன் என்ன செய்கிறான் பாருங்கள். முதலில் எங்கே போனாய் என்று நேராகவே கேட்கிறான். குறி சொல்லப் போனேன் என்கிறாள். அது முடிந்தது. அடுத்து அவன் சொல்லுவதுதான் பாட்டுக்கே சாவி: உன்னைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறான். யாருக்கும் பயப்படவேண்டாம், தோன்றியதைச் சொல் என்று அவள் தைரியம் கொடுக்கிறாள். இதற்கு அப்புறம்தான் பாம்பு வருகிறது.

சிலம்பு எதுவென்று தெரியாதவன் எதற்குப் பயப்படவேண்டும்? நிஜமாகவே காலில் விரியன் கடித்துக் கிடப்பதாக நினைத்தால் கத்துவான், கம்பைத் தேடுவான். சொல்லலாமா வேண்டாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். கோயில் ஊரைச் சுற்றி அலைகிறவன், திருநாள் கூட்டம் பார்த்தவன், சிலம்பும் தண்டையும் பார்க்காமலா இருப்பான்? அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி கேட்கிறான். 'இந்த நகை யார் கொடுத்தது?' என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. 'காலில் ஏன் பாம்பு கிடக்கிறது?' என்று கேட்டால் அது பைத்தியக்காரத்தனம். பைத்தியக்காரக் கேள்விக்குப் பதில் சொல்லுவதில் யாருக்கும் அவமானம் கிடையாது. சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவள் தலைகுனியாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக இவன் முட்டாள் வேஷம் கட்டிக்கொள்கிறான். நான் படித்த அளவில் தமிழில் இவ்வளவு மரியாதையான சந்தேகத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று. சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியது என்கிறாள். அடுத்த கேள்வியை அவன் எப்படி ஆரம்பிக்கிறான் தெரியுமா? சேலத்தார் போட்ட அந்தச் சிலம்புக்கு மேலே முறுக்கிக்கொண்டு கிடப்பது என்ன என்று. அவள் சொன்ன பதிலை அப்படியே எடுத்து, நடந்த உண்மையாக வைத்து, அதன் மேல் நின்றுதான் அடுத்ததைக் கேட்கிறான். குறுக்கு விசாரணை செய்கிறவன் அப்படிக் கேட்கமாட்டான். நீ சொன்னாய், நான் ஏற்றுக்கொண்டேன், அடுத்ததைச் சொல் என்கிற தொனி அது. மேலே முறுக்கிக் கிடப்பது தண்டை, கோலத்து நாட்டார் கொடுத்தது. நாங்கூழ் மாதிரி நெளிவது பாடகம், பாண்டியன் மகள் போட்டது. செத்த தவளை மாதிரி கட்டியிருப்பது கெச்சம், குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்தது. சுண்டுவிரலில் சுருண்ட பூச்சி காலாழி பீலி, அது கண்டி தேசத்தில் வாங்கியதாம்.

கண்டி! இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். மேடையில் நாம் பார்த்தது ஒரே ஒரு குறிதான், வசந்தவல்லிக்குச் சொன்னது. சேலத்தையும் கண்டியையும் நாம் பார்க்கவில்லை, சிங்கனும் பார்க்கவில்லை. அவள் சொல்லுவது உண்மையா என்று சோதிக்க அவனுக்கும் வழியில்லை, நமக்கும் வழியில்லை. கவிராயர் ஒரு கண்சிமிட்டல்கூடக் கொடுக்கவில்லை. கேள்வியும் பதிலும் ஒரே சந்தத்தில், ஒரே மெட்டில் போகின்றன. கேட்கிறவன் 'சிங்கி' என்று முடிக்கிறான், சொல்லுகிறவள் 'சிங்கா' என்று முடிக்கிறாள். அதட்டலுக்கு அந்த மெட்டில் இடமே இல்லை.

இந்த இடத்தில் என் அத்தையின் கம்மலைச் சொல்லாமல் முடியாது.

அத்தை பீடி சுற்றுவாள். தென்காசிப் பக்கம் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் சொளவை வைத்துக்கொண்டு, இலையும் தூளுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக் கணக்கில் கூலி. அதில் கொஞ்சத்தை ஒதுக்கி, மாமாவுக்குத் தெரியாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு ஆச்சியிடம் சீட்டுக் கட்டினாள். பணம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் நான். எனக்கு அப்போது பத்து வயசு. "ஏல, மாமாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்பாள். கூலிக்கு ஒரு தேன்மிட்டாய்.

சீட்டு விழுந்தது. சிவப்புக்கல் கம்மல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் மாமா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "ஏளா, காதுல என்ன, ஈ உக்காந்திருக்க மாதிரி இருக்கு?" என்றார்.

அத்தை ரசத்தைக் கரண்டியில் எடுத்தவள், "எங்கம்மா போட்டுக்கோன்னு குடுத்தா" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமால?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "தெரியாது மாமா" என்றேன். பொய் சொல்லுகிறோம் என்று தெரிந்து சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அத்தையின் அம்மாவிடம் கம்மல் வாங்கிக் கொடுக்க ஒரு பைசா கிடையாது என்று எனக்கே தெரியும், மாமாவுக்குத் தெரியாதா? அவர் கை கழுவிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

அத்தை சொன்னது பொய். அதை ரொம்ப நாள் ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உழைத்த காசு, நேராகச் சொல்லியிருக்கலாமே என்று. பிற்பாடுதான் வேறு மாதிரி தோன்றியது. நேராகச் சொன்னால், 'எனக்குத் தெரியாமல் சீட்டா?' என்று அவர் கோபப்பட்டே ஆகவேண்டும். தெருவுக்கு அது தெரிந்தால் கோபப்படாத ஆம்பளைக்குக் கேவலம். அவள் பொய் சொன்னதால் அவருக்குக் கோபப்படாமல் இருக்க ஒரு வழி கிடைத்தது. ஈ என்று அவர் சொன்னதால் அவளுக்குப் பொய் சொல்ல ஒரு வழி கிடைத்தது. இதைச் சரி என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதை அம்மா கொடுத்தது என்று சொல்ல வேண்டியிருந்த நிலைமை நல்ல நிலைமை இல்லை. சிங்கி அந்த விஷயத்தில் அத்தையைவிட ஒரு படி மேல். தொழில் செய்து சம்பாதித்தேன் என்று ஒவ்வொரு நகைக்கும் சொல்லுகிறாள். அதுவும் புருஷனை 'அடா' போட்டு! அந்தக் காலத்து மேலகரத்து வீடுகளில் ஒரு பெண் புருஷன் பெயரைக்கூடச் சொல்லியிருக்கமாட்டாள். தன் வீட்டில் நடக்க முடியாத பேச்சைக் கவிராயர் குறவர் குடிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, ஒரு அநியாயமும் இருக்கிறது. வசந்தவல்லியின் ஆசைக்குச் சந்தேகமே கிடையாது, அது கடவுள் மேல் வைத்த காதல். அன்றாட அழுக்கு, காசு, நகை, புருஷனின் முணுமுணுப்பு எல்லாம் குறவர் தலையில். ஒரு குறத்தி காலில் சிலம்பைப் பார்த்து 'ஏது?' என்று கேட்டால், சிரிக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் மனசில் என்ன ஓடும்? பிரிட்டிஷ்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-இல் வந்த திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, குறவர் கூட்டங்கள் பலவற்றை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய் ஆஜர் கொடுக்கவேண்டும், ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் அது 1947-இல்தான் போனது. சிங்கன் பயந்து பயந்து, பாம்பு தவளை என்று சுற்றி வளைத்துக் கேட்ட அதே கேள்வியை ஸ்டேஷனில் லத்தியோடு கேட்டார்கள். சேலம் போனேன், கண்டி போனேன் என்று அங்கே சொல்லமுடியுமா? ஊர் சுற்றியதே குற்றம் அல்லவா. (மேடையில் பிள்ளைகளுக்கு நரிக்குறவர் மாதிரி பாசிமணி போட்டுவிட்டிருந்தார்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. யாரிடம் சொல்ல.)

கவிராயருக்கும் பரிசு கிடைத்தது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்கச் சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காக நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அவருக்குப் பட்டயம் இருந்தது. ஏது என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். சிங்கிக்கு வாய்வார்த்தை மட்டும்தான்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. கேள்வி பதில் வரிசை ஒரு கட்டத்துக்கு மேல் நகைப் பட்டியலாகிவிடுகிறது. பிறகு பேச்சு சரசத்துக்குத் திரும்பும்போது அந்த முதல் பயத்தின் அழகு கரைந்துபோகிறது. குறியின் கதை என்ன ஆயிற்று என்பதும் பாக்கி. வசந்தவல்லிக்கு நல்லது நடக்கும் என்று சொல்லிக் குறத்தி பரிசு வாங்கினாள். நூல் சிங்கனும் சிங்கியும் சேர்வதோடு முடிகிறது, வசந்தவல்லி சேர்ந்ததை நாம் பார்ப்பதில்லை. ஆசைப்பட்டவளுக்கு ஆசைப்பட்டதையே சொல்லிக் காசு வாங்குவது சரியா என்கிற கேள்வியைக் கவிராயர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

ஆனால் நம்ம ஜில்லாப் பக்கத்து இன்னொரு நூலான முக்கூடற்பள்ளை எடுத்துப் பாருங்கள். அங்கே மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடுகிற சண்டையில் ஒவ்வொரு வாக்கும் ஏசல்தான். ஒருத்தி சாமியை ஒருத்தி இழுக்கிறாள். அதுவும் வாழ்க்கைதான், ரொம்ப ருசியான வாழ்க்கை. ஆனால் சிங்கன் பயந்துகொண்டு நின்ற அந்த ஒரு நொடி அங்கே கிடையாது.

மாமா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் கேட்டேன், "அன்னைக்கு மாமாவுக்குத் தெரியும்தான அத்தை?"

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கம்மல் இப்போது பேத்தியிடம் இருக்கிறது. "தெரியாமயா ஈன்னு கேட்டாரு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீயுந்தான் தெரியாதுன்ன. ஒரு தேன்மிட்டாய்க்கு" என்றாள்.