இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் விடை

திருத்தணியின் பின்கோடு 631209. மாநில எல்லைக்கு அப்பால், பக்கத்திலேயே இருக்கும் நகரிக்கு 517590. திருத்தணி 1960இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பின்கோடு அதற்குப் பிறகுதான், 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. முகவரியைத் தமிழில் எழுதினாலும் தெலுங்கில் எழுதினாலும் அந்த ஆறு இலக்கம் மாறாது. தபால் பிரிப்பவர் முதல் மூன்றைப் பார்த்தாலே பை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். 631 என்றால் அரக்கோணம், காஞ்சிபுரம், திருத்தணி வட்டாரம்.

மெயில் சர்வரில் இதே வேலையைச் செய்வது தேடல் அட்டவணை. அதை எனக்கு மிகவும் பிடித்த விதத்தில் செய்வது, 1998இல் வீட்சே வெனமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். அதன் அட்டவணை சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான்: ஒரு வரியில் இடப்பக்கம் வந்த முகவரி, வலப்பக்கம் போக வேண்டிய இடம். 'போஸ்ட்மேப்' கட்டளை அதைத் தேடுவதற்கு வசதியான டேட்டாபேஸாக மாற்றிவிடும். இத்தகைய மாற்றுப்பெயர் அட்டவணையில் போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியைத்தான் முதலில் தேடும்; கிடைக்காவிட்டால் கடைசியில் '@' குறிக்குப் பின்னுள்ள டொமைனை மட்டும். தனி ஆளுக்கு எழுதிய வரி, ஊருக்கே எழுதிய வரியை வெல்லும். எவ்வளவு நியாயமான ஒழுங்கு! கடிதமே அனுப்பாமல் சோதிக்கவும் வழி உண்டு: அதே கட்டளையோடு '-க்யூ' என்ற எழுத்தையும் முகவரியையும் சேர்த்துக் கேட்டால், விடையை மட்டும் சொல்லும், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாது.