கேள்விச் செல்வமும் மூன்று ஒலி நிகழ்ச்சிகளும்

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அடுத்துக் கல்லாமையைக் கடிந்தார். அதற்கும் அடுத்தபடியாகக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். ஏட்டைத் தொடும் வாய்ப்பில்லாதவனுக்கும் அறிவின் வாயில் அடைபட்டு விடவில்லை, காது இருக்கிறது என்பதே அம்முறைவைப்பால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடம் ஏது? அவர்களுட் பலர் அறிந்த உலகச் செய்தி, பிறர் உரக்கப் படிக்கக் கேட்டதே. இன்றோ கைப்பேசியைத் தொட்டால் உலகமே பேசுகிறது. ஆனால் பேச்செல்லாம் கேள்வியாகுமா? கேட்டு முடித்தபின் நாம் முன்னினும் தெளிவடைந்தோமா என்பதே உரைகல். பண்பாடு, பொருளாதாரம், நடப்புச் செய்தி ஆகிய துறைகளிற் பேர்பெற்ற மூன்று ஆங்கில நிகழ்ச்சிகளை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பி.பி.சி. வானொலியில் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய 'இன் அவர் டைம்'. மெல்வின் பிராக் என்பார் 2025 வரை இதனை நடத்தினார். வாரம் ஒரு பொருள். அதனைக் கற்றுத் துறைபோகிய அறிஞர் மூவர். முக்கால் மணி நேர உரையாடல். இசையில்லை, கேலியில்லை, ஆரவாரமில்லை. அறிஞர் ஒருவர் தம் புலமையிலே மயங்கிப் புரியாத சொல்லை உதிர்ப்பாராயின், பிராக் இடைமறித்து அதன் பொருள் யாதெனக் கேட்பார். அவர் எளிய குடும்பத்திற் பிறந்து விக்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். கல்லாதவன் கேட்க நாணும் கேள்வியை அவன் சார்பில் தாமே கேட்டதுதான் அவர் செய்த தொண்டு. குறையும் உண்டு. கீழ்நாடுகளைப் பற்றிப் பேசும்போதும் அங்கு அமர்பவர் பெரும்பாலும் பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆசிரியர்களே. நம் வீட்டுக் கதையை அயல் வீட்டார் திருத்தமாகச் சொல்லக் கேட்கும் உணர்ச்சி சிற்சில வேளைகளில் எழாமற் போவதில்லை.

இரண்டாவது, அமெரிக்கப் பொது வானொலியின் 'பிளானட் மணி'. 2008-ஆம் ஆண்டில் வீட்டுக் கடன்கள் மூழ்கி வங்கிகள் ஆட்டங்கண்ட காலத்தில், அதன் காரணத்தைப் பாமரர்க்கும் விளங்க உரைக்கப் பிறந்தது. 2013-இல் இவர்கள் ஓர் அரிய காரியம் செய்தனர். நேயர்களிடமே முன்பணம் பெற்றுச் சட்டைகள் செய்வித்து, அச்சட்டையின் வழியைப் பின்தொடர்ந்து சென்றனர். மிசிசிப்பியிற் பருத்தி விளைந்தது, இந்தோனேசியாவில் நூலாயிற்று, வங்காள தேசத்திலும் கொலம்பியாவிலும் தைக்கப்பட்டது. அந்த 2013 ஏப்ரல் 24-இல்தான் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார் ஆடைத் தொழிலாளர். ஒரு சட்டைக்குள் எத்தனை உயிர்களின் உழைப்பு மடிந்து கிடக்கிறது என்பதை இவ்வாண்டைப் போல் எந்த ஆண்டு காட்டிற்று?

இவ்விஷயத்தில் நமக்குத் தனி உரிமை உண்டு. 1930-ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். தாம் வெட்டிய பால் எந்த ஊரில் எந்த வண்டிக்குச் சக்கரமாயிற்று, அதன் விலை ஏன் வீழ்ந்தது என்று அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? காரணம் அறியாதவன் தன் துன்பத்தைத் தலைவிதி என்றே எண்ணுவான். ஆகவே, பண்டத்தின் வழியைக் காட்டும் நிகழ்ச்சி தொழிலாளிக்குப் பொழுதுபோக்கன்று, கண்மருந்து. எனினும் 'பிளானட் மணி'யின் வேகமும் வேடிக்கைப் பேச்சும் நமக்கு முழுதும் உவப்பாயில்லை. ஏழையின் கூலியைச் சொல்லி நெஞ்சு கனக்கும் வேளையில் விளம்பரதாரர் அறிவிப்பு குறுக்கிடுமாயின், கேட்பவன் சிந்தனை சிதறாதோ?

நிற்க. மூன்றாவது, பி.பி.சி.யின் 'மோர் ஆர் லெஸ்'. 2001-இல் ஆண்ட்ரூ டில்னாட் என்னும் பொருளாதார அறிஞரைக் கொண்டு தொடங்கியது. 2007 முதல் டிம் ஹார்ஃபோர்டின் குரலிற் பேர்பெற்றது. செய்தித்தாளிலும் மேடையிலும் வீசப்படும் எண்களைப் பிடித்து நிறுத்தி, அவை மெய்தானா என்று சோதிப்பதே இதன் பணி. இது கற்பிக்கும் முதற் கேள்வி மிக எளியது: இவ்வெண் உண்மையிற் பெரியதா? ஒருவர் மேடையேறி, இருபது இலட்சம் மக்களுக்காகப் பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கினோம் என்று முழங்குவதாகக் கொள்வோம். கூட்டம் கைதட்டும். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 50 வெள்ளி. அது ஓராண்டுக்கா, ஐந்தாண்டுக்கா என்று மேலும் ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்தாண்டுக்காயின் ஆண்டுக்குப் பத்து வெள்ளி. கைதட்டல் அடங்கிவிடும்! மூன்றனுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்கிறோம். முன்னிரண்டும் நமக்குச் செய்தி தருகின்றன. இதுவோ, ஒருவரையும் நம்பியிராமல் நாமே சோதிக்கும் வழியைத் தருகிறது. பகுத்தறிவு என்று நாம் ஓயாமற் பேசுவது வேறென்ன?

இம்மூன்றும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் இடர்ப்பாடு. தமிழில் உலகச் செய்தி சொல்லும் மரபு புதிதன்று, பி.பி.சி. தமிழோசை 1941-இல் தொடங்கிச் சிற்றலையில் 2017 வரை ஒலித்தது. செய்தி வாசிப்பது ஒன்று. செய்தியின் காரணத்தை அவிழ்ப்பது மற்றொன்று. பின்னதே நமக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். தமிழில் ஒலி நிகழ்ச்சி நடத்தும் அன்பர்கள் வாரத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கட்டும். செம்பனை எண்ணெயின் விலை எங்கே முடிவாகிறது? சேமநிதிப் பணம் எங்ஙனம் வளர்கிறது? வரவு செலவுத் திட்டத்தின் எண்கள் ஆளுக்கு எவ்வளவாகும்? இவற்றை நல்ல தமிழில், பிராக்கைப் போல் இடைமறித்துக் கேட்டும், ஹார்ஃபோர்டைப் போல் வகுத்துப் பார்த்தும் சொல்லட்டும்.

ஆங்கிலம் அறிந்த இளைஞர்களும் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு, அதன் சாரத்தை வாசகசாலையிலோ வீட்டுத் திண்ணையிலோ பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துரைப்பார்களாயின், கேள்வி என்னும் செல்வம் கேட்டவரோடு நின்றுவிடாது பலருக்கும் பயன்படும்.