மாதவிலக்கு: அணங்கும் கை வைத்தியமும் - ஒரு மதிப்பீடு

மாதவிலக்கு குறித்த தமிழர் நம்பிக்கைகள் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி மேற்கோளாகும் சங்கப் பாடல் புறநானூற்றின் 299ஆம் பாடல். பாடியவர் பொன்முடியார். மாதவிலக்கை அது நேரடியாகப் பேசவில்லை. குதிரையைப் பாடும்போது ஓர் உவமையாக மட்டும் குறிப்பிடுகிறது. அந்த ஓர் உவமையின்மேல் பெரிய கோட்பாடுகள் எழுப்பப்பட்டுள்ளன. அவை எந்த அளவு பொருந்தும், அவற்றால் இன்றைய பெண்களுக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடலும் உவமையும்

பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உளுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. ஆனாலும் அது கடலைக் கிழிக்கும் தோணிபோலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்ச்சோறு உண்டு வளர்ந்த பெருவேந்தனின் குதிரைகளோ, முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடாத பெண்களைப் போல ஒதுங்கி நின்றன. பாடலின் செய்தி இவ்வளவே.

இந்தப் பெண்கள் மாதவிலக்கில் இருப்பவர்கள் என்று பிற்கால உரையாளர்கள் பொருள் கொண்டனர். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளது. எனவே இப்பாடலுக்குப் பழைய உரையின் துணை இல்லை. உரையாளர்கள் கொண்ட பொருள் பொருத்தமானதே. ஆனால் அழுக்கு, தீட்டு, பாவம் ஆகிய கருத்துகளில் ஒன்றும் பாடலில் இல்லை. ஒதுங்கி நிற்றல் என்னும் செயல் மட்டுமே உள்ளது.

இரண்டு வாசிப்புகள்

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட சங்கப் பாடல்கள் பற்றிய நூலில், அணங்கு என்பது பொருள்களிலும் இடங்களிலும் உறையும் ஆபத்தான ஆற்றல் என்றும், அது பெண்ணிடம் சிறப்பாக உறைவதாகப் பழந்தமிழர் கருதினர் என்றும் விளக்கினார். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, கைம்மை ஆகிய காலங்களின் கட்டுப்பாடுகளை அந்த ஆற்றலை அடக்கும் வழிகளாக அவர் கண்டார். விலக்கை அருவருப்பு என்று மட்டும் பார்க்காமல் அச்சமும் மதிப்பும் கலந்த ஒன்றாகக் கண்டது இவ்வாசிப்பின் வலிமை.

வி. எஸ். இராசம் 1986இல் இதை மறுத்தார். சங்க நூல்களில் அணங்கு என்னும் சொல் துன்பம், அச்சம், வருத்தும் தெய்வம் எனப் பல பொருள்களில் வருகிறது. அதைப் பெண்ணின் புனித ஆற்றல் என்று சுருக்குவது சொல்லின் பரப்பைக் குறைப்பதாகும் என்பது அவரது வாதம். 299ஆம் பாடலே இதற்குத் துணை நிற்கிறது. அங்கு அணங்கு உடையவன் முருகன், பெண்கள் அல்லர். ஆற்றல் தெய்வத்திடம் இருக்கிறது, தயக்கம் பெண்களிடம் இருக்கிறது. இந்த இடத்தில் இராசத்தின் வாசிப்பே பாடலோடு ஒத்துப்போகிறது.

தொல்காப்பியக் கற்பியலும் இங்கே நினைக்கத்தக்கது. பூப்புக்குப் பிந்தைய பன்னிரண்டு நாள்கள் தலைவன் மனைவியை நீங்கி வாழலாகாது என்கிறது அது. ஆகவே, பெண்ணை வீட்டுக்கு வெளியே வைப்பதுதான் தமிழ் மரபு என்று ஒரே வரியில் சொல்ல இடமில்லை.

வழக்கில் விலக்கு

வட தமிழகத்தில் "வீட்டுக்குத் தூரம்" என்னும் வழக்கு இன்றும் உண்டு. பூப்பெய்திய சிறுமியின் அருகே பேய் அண்டாதிருக்க வேப்பிலையும் இரும்பும் வைப்பார்கள். அதே வேப்பிலை திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில், பெண்கள் உடுத்தும் வேப்பஞ்சேலை நேர்த்திக்கடனாகிறது. காப்பாகவும் காணிக்கையாகவும் ஓர் இலையே பயன்படுகிறது. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலிலோ மாதவிலக்கு நாளிலும் பெண்கள் வழிபடலாம். மரபு ஒன்றல்ல, பல என்பதற்கு இவை சான்றுகள்.

முன்னோர் பெண்ணுக்கு ஓய்வு தரவே விலக்கினர் என்று இன்று பலர் எழுதுகின்றனர். இவ்வாதத்தை ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: அந்த ஓய்வை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா? இல்லையெனில் அது ஓய்வன்று, தடை. 2018 நவம்பரில் கஜா புயலின்போது பட்டுக்கோட்டை அருகே தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, குடிசைமேல் தென்னை விழுந்து உயிரிழந்தாள். ஆற்றலை மதித்தல், ஓய்வு தருதல் என்னும் விளக்கங்கள் இந்தச் சாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கை வைத்தியத்தின் எடை

கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசையை இறுக்குவதால் வலி உண்டாகிறது. வீட்டு மருந்துகளை இந்த அறிவோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம் நல்ல சான்றுள்ள முறை. அடிவயிற்றில் தொடர்ந்து வைத்த இளஞ்சூடு, ஐபுபுரூபன் மாத்திரைக்கு ஈடாக வலி குறைத்ததாக 2001இல் வெளியான ஆய்வு கூறியது. சுக்குப்பொடிக்கும் சில சிறிய ஆய்வுகள் ஆதரவாக உள்ளன. சோம்பு, வெந்தயம், இலவங்கப்பட்டை ஆகியவற்றுக்குக் கிடைத்துள்ள சான்று மெலிந்தது. சமையல் அளவில் உண்பதால் தீங்கில்லை.

உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி ஆகியவற்றை வலி மருந்து என்பதைவிட ஊட்டம் என்பதே சரி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இந்நிலையில் அந்த ஊட்டத்தைப் பூப்புச் சடங்கின் சில நாள்களோடு நிறுத்திவிடுவதே குறை.

அசோகப்பட்டை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. தெருவோரம் உயர்ந்து நிற்கும், பலர் அசோகமரம் என்று அழைக்கும் மரம் உண்மையில் நெட்டிலிங்கம். அதன் பட்டை அசோகப்பட்டையில் கலப்படமாவது அறியப்பட்ட செய்தி. பெயரை நம்பிக் கஷாயம் காய்ச்சக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு, ஏழு நாளுக்கு மேல் நீளும் போக்கு, காய்ச்சல், மாதந்தோறும் கூடிவரும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரையே அணுக வேண்டும்.

இன்றைய விலக்கு

கும்மிடிப்பூண்டி போன்ற சிப்காட் வளாகங்களில் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சிக்கல் வேறு. அங்கே யாரும் அவளைத் தூரம் வைப்பதில்லை. ஆனால் ஷிப்டும் உற்பத்தி இலக்கும் வலியைக் கணக்கில் எடுப்பதுமில்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்திப் புலனாய்வு வெளிக்கொணர்ந்தது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது.

பழைய வழக்கம் பெண்ணை விலக்கி வைத்தது. புதிய ஆலை அவள் உடலின் நாள்களை மறந்துவிட்டது. இரண்டிலும் அவளைக் கேட்டவர் இல்லை. பொன்முடியாரின் பாடலைத் தடைக்கும் பெருமைக்கும் சான்றாக்காமல் உவமையாகவே படிப்பது இலக்கிய நேர்மை. சுக்கும் ஒத்தடமும் கைகொடுக்க, ஓய்வு எப்போது என்பதை அவளே முடிவு செய்ய, ஓர் அறையும் அரை மணி நேரமும் கிடைப்பதே இன்றைய தேவை.