வினாவும் விடையும் ஒரே புத்தகத்தில்

மனப்பாடக் கல்வியைப் பழிப்பது இன்று எளிது. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் என்று நீளும் கேரள எல்லைக் கிராமங்களின் பள்ளிக்கூட வரலாற்றை அறிந்தவர்களுக்கு அப்படி ஒரே வீச்சில் பழிக்க மனம் வராது. எழுத்து மறுக்கப்பட்ட வீடுகளுக்குள் எழுத்து நுழைந்தது அந்த வழியாகத்தான். அதே வழி எங்கே போய் நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1806-இல் திருவிதாங்கூர் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய ஊழியத்தை லண்டன் மிஷன் சங்கம் மேற்கே கொண்டுவந்தது. நாகர்கோவில், நெய்யூர், பிறகு 1840-களில் ஜான் ஆப்ஸ் காலத்தில் பாறசாலை. பல ஊர்களில் ஞாயிறு ஆராதனை நடந்த கொட்டகையே வாரநாளில் வகுப்பறை. பனையேறிகளின் பிள்ளைகளும் புலையர், சாம்பவர் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். அக்கானி இறக்கும் பருவத்தில் வருகை குறைந்துவிடும்.

நாள் ஜெபத்தோடும் பாட்டோடும் தொடங்கும். அடுத்தது வேதவசனம், உபதேசியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிக் கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும். வாய்ப்பாடு. பெண்பிள்ளைகளுக்குத் தையல். மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் மிஷனரிகள் கொண்டுவந்ததாக நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஆண்ட்ரூ பெல் நம் திண்ணைப் பள்ளிகளைக் கவனித்துக் கற்றுக்கொண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக்கிப் பரப்பிய முறை அது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போய் மிஷன் பள்ளி வழியே திரும்பி வந்தான்.

புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டில் நினைவே புத்தகம். ஒப்பித்தலின் பெரிய பலன் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அந்த நுகத்தடியில் கிடந்த குடும்பத்துப் பிள்ளை எழுந்து நின்று, நீண்டதொரு வசனத்தைத் தடுமாறாமல் உரக்கச் சொல்கிறது. பலர் முன்னிலையில் வாய் திறப்பதே அந்தக் குடும்பத்துக்குப் புதியது. இதை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பிள்ளைகள் படிப்பதன் வீரியத்தை, அதை எதிர்த்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1820-களின் இறுதியில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதை எதிர்த்து எழுந்த தோள்சீலைக் கலவரத்தில் வேதக்கோயில்களோடு பள்ளிக்கூடங்களும் எரிந்தன. மேலாடைக்கு அனுமதி தரும் பிரகடனம் வர 1859 ஆயிற்று. 1910-களில் புலையர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துச் சென்றது நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு. அது அரசுப் பள்ளி, அதையும் கொளுத்தினார்கள். அங்கே என்ன பாடம், எந்த முறை என்று கொளுத்தியவர்கள் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்ததே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வினாவிடைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். உன்னைப் படைத்தவர் யார் என்று ஆசிரியர் கேட்பார். அச்சிட்ட விடையைப் பிள்ளை சொல்லும். கேள்வியும் புத்தகத்தில், பதிலும் புத்தகத்தில். பிள்ளை தானாகக் கேட்க அந்த நேரத்தில் இடமே இல்லை. நன்றாகச் சொன்னது என்றால் ஒரு சொல்லும் மாறாமல் சொன்னது என்றே பொருள்.

அமெரிக்காவில் இன்று கிறிஸ்தவச் செவ்வியல் பள்ளிகள் நடத்துவோர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய உரையைப் பின்பற்றி, சிறு வயதில் மனப்பாடம், அடுத்து தர்க்கம், அதன்பின் சொல்வன்மை என்று மூன்று படிகள் வகுக்கிறார்கள். வசனமும் இலத்தீன் சொல்வடிவங்களும் காலவரிசையும் பாட்டாகப் பிள்ளைக்குள் இறங்கும். கேள்வி பின்னால் வரும். எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். பாட்டாய்க் கற்றது மறக்காது என்பது உண்மை. ஆனால் ஏன், எதற்கு என்று ஓயாமல் கேட்பது ஐந்து வயதுப் பிள்ளையல்லவா? கேள்வியைப் பன்னிரண்டு வயதுக்கு ஒத்திப்போட்டால் அதற்குள் அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

எல்லைக் கிராமங்களில் நடந்தது இதைவிடக் கொடுமை. மேற்படிப்புக்கு 1819-இலேயே நாகர்கோவிலில் செமினரி இருந்தது; பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்ததும் அதுதான். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த சிலர். மற்றப் பிள்ளைகள் வசனத்தோடும் வாய்ப்பாட்டோடும் பனங்காட்டுக்கும் வயலுக்கும் திரும்பினார்கள். மூன்று படிகளில் முதல் படி மட்டுமே அவர்களுக்குக் கட்டப்பட்டது. இதற்கு வறுமை ஒரு காரணம். கீழ்ப்படிதலையே கல்வியின் பயனாகக் கண்ட மிஷன் மனப்பான்மையும் காரணம்.

இன்னொன்றும் தவறிப்போனது. இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை மாறி, விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போனபின்பும் களியக்காவிளைச் சந்தையில் அந்தப் பேச்சு மாறவில்லை. ஒப்பிக்கும் வகுப்பில் அதற்கு வேலையில்லை. அச்சிட்ட நடை மட்டுமே செல்லும். இரண்டு மொழியில் யோசிக்கத் தெரிந்த பிள்ளையை ஒரே மொழியில் ஒப்பிக்க வைப்பது பெரிய இழப்பு.

சண்டே ஸ்கூல் வசனப் போட்டிகளில் இந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. அது இருக்கட்டும். வசனத்தோடு கதை சொல்லுதலையும் சேர்க்க வேண்டும். நல்ல சமாரியன் கதையைக் கேட்ட பிள்ளை, வீட்டுப் பேச்சிலேயே அதைத் திருப்பிச் சொல்லட்டும். அடிபட்டவனைப் பார்த்தும் லேவியன் ஏன் நிற்காமல் போனான் என்று அது கேட்டால், ஆசிரியர் அடுத்த வசனத்துக்குத் தாவாமல் மற்றப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை விட வேண்டும். அதற்காக அந்த வாரம் நான்கு வசனம் குறைந்தாலும் குறையட்டும்.