மே மாத மண்டை

போன மே மாதம் ஒரு மத்தியானம். அண்ணா சாலையில் ஸ்பென்சர் எதிரே சிக்னலில் மாட்டிக்கொண்டேன். வேறு வேலை இல்லாததால் சுற்றியிருந்த ஹெல்மெட்களை எண்ணினேன். மொத்தம் பதினேழு. தலையில் இருந்தவை ஒன்பது. பெட்ரோல் டேங்க் மேல் மூன்று. முழங்கையில் இரண்டு. ரியர் வியூ மிரரில் தொங்கியவை இரண்டு. மிச்சம் ஒன்று பின்சீட்டு அம்மணியின் மடியில், கைக்குழந்தை மாதிரி.

'படிச்சவங்களே இப்படி இருந்தா...' என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்கு மே மாதம் என்பது என்ன என்று யோசித்தால் திட்ட மனசு வராது. 2003 மே கடைசியில் இந்த ஊர் 45 டிகிரியைப் பார்த்தது. அதில் பாதி நாள் சிக்னலில் நிற்பவன் தலையில் ஒன்றரை கிலோ கவிழ்த்த பானையை மாட்டச் சொல்கிறோம். வேர்வை நெற்றியில் கிளம்பி, புருவத்தைத் தாண்டி, உப்போடு கண்ணில் இறங்கும். கை ஹேண்டில்பாரில் இருக்கும். முழு ஹெல்மெட்டில் விரலும் உள்ளே போகாது. ரெண்டு மூன்று செகண்ட் ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் முன்னால் போகும் ஷேர் ஆட்டோ பிரேக் போடும்.

ஆக, 'வெயில் சார், போட முடியல' என்பது சாக்கு இல்லை, நிஜம். அந்த நிஜத்துக்கு நாம் கண்டுபிடித்திருக்கும் பதில்கள்தான் தப்பு. தலையைக் காலியாக விடுவது ஒரு பதில். சட்டி மாதிரி அரை ஹெல்மெட் வாங்குவது இன்னொன்று. ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கி 'காத்தோட்டமா இருக்கு' என்பது மூன்றாவது. போட்டுக்கொண்டு வாரை மட்டும் மாட்டாமல் விடுவது நான்காவது.

நான்காவது கட்சியைச் சேர்ந்தவர் என் நண்பர். வங்கியில் இருந்தார், ரிடையராக ரெண்டு வருஷம் பாக்கி. நல்ல ஹெல்மெட்தான், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. வார் மட்டும் கழுத்தில் கசகசக்கிறது, வேர்க்குரு வருகிறது என்று தொங்கவிட்டிருப்பார். ஒரு மே மாதம் மூன்று மணிக்கு, வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னால், ஸ்கூட்டர் குறுக்கே ஒரு நாய். வேகம் முப்பதுகூட இருக்காது. ஹெல்மெட் முதலில் கழன்று உருண்டது. அப்புறம் தலை தரையில் பட்டது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

பிழைத்துக்கொண்டார். கை கால் எல்லாம் சரி. ஒன்றுதான் திரும்பி வரவில்லை: வாசனை. மண்டையில் அடிபட்டால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பு இழைகள் அறுந்துபோகலாம் என்று டாக்டர் சொன்னாராம். காபி இப்போது அவருக்குச் சூடான கசப்புத் தண்ணீர்.

ஹெல்மெட் ஏன் இப்படிச் சுடுகிறது? உள்ளே இருப்பது தெர்மாகோல். மார்க்கெட்டில் ஐஸ் கரையாமல் இருக்க மீனை எந்தப் பெட்டியில் வைக்கிறார்களோ அதே சரக்கு. ஐஸை வெளிச்சூட்டிலிருந்து காப்பாற்றுகிற அதே குணம், உங்கள் தலைச்சூட்டை வெளியே விடாமலும் காப்பாற்றும். ஆனால் உயிரைக் காப்பதும் அதுதான். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி செகண்ட் கூடுதலாகத் தருகிறது. நசுங்கியது மறுபடி நிமிராது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் அதன் வேலை முடிந்தது.

இந்த சாதனம் பிறந்த ஊரைப் பாருங்கள். லாரன்ஸ் ஆஃப் அரேபியா தெரியும் அல்லவா? பாலைவனத்தில் ஒட்டகத்தில் திரிந்து தப்பித்தவர், 1935-ல், அதுவும் மே மாதம் 13-ம் தேதி, இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ரெண்டு சைக்கிள் பையன்களைத் தவிர்க்கப்போய் விழுந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் இறந்துபோனார். 1962-ல் வந்த சினிமாவின் ஆரம்பத்தில் அவருடைய கண்ணாடி செடியில் தொங்கும். அவரைக் கவனித்த டாக்டர்களில் ஹ்யூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் இதை அப்படியே விடவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தகவல் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அப்புறம் 1953-ல் அமெரிக்காவில் ராத், லொம்பார்ட் என்ற இருவர், அடியை உள்வாங்கி நசுங்கும் உள் அடுக்குக்கு பேடன்ட் வாங்கினார்கள்.

எல்லாம் வேறு நாடுகளில் வளர்ந்த யோசனை. அங்கே முகத்தை மூடும் கண்ணாடி குளிர்காற்றுக்கு வரம். அதை அப்படியே எடுத்து, மேலே ரேஸ்காரர் ஸ்டிக்கர் ஒட்டி, கறுப்பு பெயின்ட் அடித்து நமக்கு விற்கிறார்கள். பெட்டியில் 'சூப்பர் ஏர் ஃப்ளோ' என்றிருக்கும். முன்னால் மூன்று துளை, பின்னால் ரெண்டு. துளை வழியே காற்று போக வண்டி ஓட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அவை அலங்காரம். சிலவற்றில் துளைக்குப் பின்னால் தெர்மாகோலில் பாதையே கிடையாது; விரலை விட்டுப் பாருங்கள், முட்டும்.

என் புகார் இதுதான். ஃப்ரிட்ஜ் வாங்கினால் ஸ்டார் இருக்கிறது. ஏ.சி.க்கு ஸ்டார் இருக்கிறது. ஹெல்மெட் பெட்டியில் அடியைத் தாங்கும் என்பதற்கு முத்திரை இருக்கிறது, சரி. உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்பதற்கு ஓர் எண்கூட நான் பார்த்த பெட்டி எதிலும் இல்லை. கழற்றி டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் யாரையும் காப்பாற்றாது. ஆகவே சூடு என்பது சொகுசு சமாச்சாரம் இல்லை, பாதுகாப்பு சமாச்சாரம். அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைந்த குழு ஒன்று, நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற லேசான ஹெல்மெட் வேண்டும் என்று 2018-ல் சொன்னது. 2020-ல் உத்தரவும் வந்தது: இந்தியத் தர நிர்ணய முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. எடை பற்றிப் பேசினார்கள். சூட்டை அளந்து எழுதச் சொல்ல இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் 2007-ல் கட்டாயம் என்றார்கள், மெல்லத் தளர்ந்தது. 2015-ல் ஐகோர்ட் சொல்லி மறுபடி கட்டாயம். இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய். இருந்தும் 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் 14,337 பேர் பின்சீட்டுக்காரர்கள். இதற்கு நடுவே 2024 கோடையில் சென்னையிலும் புதுச்சேரியிலும் சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். அபராதம் செய்யாததை அந்த நிழல் கொஞ்சம் செய்தது. அதன் அடியில் நிற்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றவில்லை.

அது கிடக்கட்டும். நீங்கள் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நுழைந்ததும் 'வாங்க சார், என்ன ரேஞ்சுல பார்க்கறீங்க?' என்பார்கள். ரேஞ்சைச் சொல்லாதீர்கள். சைஸைச் சொல்லுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். மாட்டியதும் கன்னம் லேசாக அழுந்த வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக அல்ல. கடையிலேயே ஐந்து நிமிஷம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நெற்றியில் ஓரிடத்தில் குத்தினால் அது வேண்டாம். பெரிய சைஸ் குளிர்ச்சி தராது. வேர்வையில் வழுக்கிப் புருவத்துக்கு இறங்கும், அவ்வளவுதான்.

எந்த வகை? முழு முகம் மூடுவதுதான் பாதுகாப்பு, தாடையும் உங்களுடையதுதானே. மூச்சு முட்டுகிறது என்றால், முன்பகுதியை மேலே தூக்கும் ஃப்ளிப் வகை பார்க்கலாம். எடை கொஞ்சம் கூட. சிக்னலில் தூக்கலாம்; ஓடும்போது பூட்டியிருந்தால்தான் தாடைக்குக் காப்பு. அதுவும் முடியாது என்பவர்களுக்குக் காதையும் பிடரியையும் மூடி, நீளமான வைசர் வைத்த ஓப்பன் ஃபேஸ். சட்டி வேண்டவே வேண்டாம்.

கலர்? வெள்ளை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், கறுப்பு ஹெல்மெட்காரர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு விபத்தில் காயம்படும் அபாயம் 24 சதவீதம் குறைவு. காரணம் வெயில் அல்ல. மற்றவர் கண்ணில் படுகிறீர்கள். வெயிலையும் வெள்ளை குறைவாகவே வாங்கும். ஒரு கல்லில் ரெண்டு மாங்காய். என் அக்கா பையன் மட்டும் 'மாமா, பால்காரர் மாதிரி இருக்கு' என்கிறான்.

உள் துணி கழற்றித் துவைக்க வருகிறதா என்று பாருங்கள். மே மாதத்துக்கு இதுதான் முக்கியம். வராவிட்டால் மூன்றாம் வாரம் உங்கள் ஹெல்மெட்டை நீங்களே முகர மாட்டீர்கள். அடியில் மெல்லிய காட்டன் தொப்பி ஒன்று போதும். வேர்வை கண்ணுக்கு வராது. டர்க்கி டவலைச் சுற்றி அதன்மேல் மாட்டினால் ஹெல்மெட் தலைக்குச் சொந்தமில்லை, டவலுக்குச் சொந்தம்.

அடுத்து கண். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கறுப்பு வைசர்தான் வெயிலுக்கு என்று நினைப்பு. நானும் ஒன்று வாங்கினேன். பகலில் சுகம். சாயங்காலம் ஏழு மணிக்கு சப்வேயில் இறங்கியதும் உலகம் காணாமல் போயிற்று. வைசரைத் தூக்கினால் கண்ணில் பூச்சி, இறக்கினால் அமாவாசை. 80 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் வைசரில் 'பகலுக்கு மட்டும்' என்று குறிக்க வேண்டும் என ஐரோப்பிய விதிகள் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொன்று: புற ஊதாக் கதிருக்கும் கறுப்புக்கும் சம்பந்தமில்லை. வைசர் செய்யும் பாலிகார்பனேட், தெளிவாக இருந்தாலும் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பிளாட்பாரத்து ஐம்பது ரூபாய்க் கறுப்புக் கண்ணாடியை நம்ப முடியாது. இருட்டென்று கண்மணி விரியும், கதிர் தாராளமாக உள்ளே போகும்.

ஆகவே வைசர் தெளிவானதாக இருக்கட்டும். கூசினால் உள்ளேயே இறக்கி ஏற்றும் சின்னக் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்கள் இருக்கின்றன. சாயங்காலம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். அல்லது நல்ல கூலிங் கிளாஸ் தனியாக, காம்பு மெல்லியதாக. போலரைஸ்டு கண்ணாடி தார் ரோட்டின் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் சில டிஜிட்டல் மீட்டர்கள் அதன் வழியே இருட்டாகத் தெரியும், வைசரில் வானவில் தெரியும். வாங்குமுன் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். ஓடும்போது வைசரை முழுக்கத் தூக்காதீர்கள். காற்று 40 டிகிரி என்றால் அது தோலைவிடச் சூடு, கண்ணைக் காயவைக்கும். ஒரே ஒரு கிளிக் திறந்தால் வேர்வை உலரும், மணலும் வராது. துடைக்க சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. பெட்ரோல் போட்டுத் துடைத்தால் வைசர் பாழ். டேங்க் மேலும் வைக்காதீர்கள். தெர்மாகோல் பெட்ரோலில் கரையும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக வார். மாட்டினால் தாடைக்கடியில் ஒரு விரல், மிஞ்சினால் ரெண்டு விரல் போக வேண்டும். கசகசக்கிறதா? வாரைச் சுற்றி ஒரு காட்டன் துணி தைத்துக்கொள்ளுங்கள். என் நண்பரின் மனைவி தைத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிஷ வேலை. முன்னாலேயே தைத்திருக்கலாம் என்று அவர் ஒரு தரம்தான் சொன்னார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நண்பர் மறுபடி ஸ்கூட்டர் ஓட்டுகிறார், வெள்ளை ஹெல்மெட்டில். போன வருஷம் கத்திரி முடிந்து முதல் மழை. எங்கள் தெருமுனை டீக்கடையில் ரெண்டு பேரும் ஒதுங்கினோம். புழுதியில் நாலு சொட்டு விழுந்ததும் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வருதா சார், மண் வாசனை?"

"வருது" என்றேன்.

"எப்படி இருக்கு?"

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். பதில் சொல்ல வரவில்லை.