தோல் யாருடையது?

குனியோஷியின் ‘தைஹெய்கி எய்யூதென்’ மர அச்சுப்படங்களைப் (1848–50) பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் நூற்றாண்டுச் சாமுராய்கள். தணிக்கைக்காகப் பெயர்களைக் கொஞ்சம் திரித்திருக்கிறார். முறைத்த கண், முறுக்கிய உடம்பு. பட்டுக்குச் சாயம் தோய்ப்பவரின் மகன். ஆளு கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை.

என் கண்ணோ கவசத்திலேயே நின்றுவிட்டது. இரும்போடு பதப்படுத்திய தோலும் சேர்ந்தால்தான் கவசம். செத்த மாட்டை யாரு தூக்குனது, யாரு உரிச்சது? ‘எத்தா’ என்று பெயரிட்டு, அதை ‘அழுக்கு மிகுந்தவர்’ எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதி, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்களே, அவர்கள்தான். அந்தப் பெயரை அரசாணை 1871இல்தான் ஒழித்தது. தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு; அதையே நெஞ்சில் கட்டியவன் வீரனாம்!

படத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறது, தணிக்கை முத்திரையும் இருக்கிறது. நான் பார்த்த தாள்களில் தோல் பதனிட்டவன் ஒருத்தன்கூட இல்லை.