கண்ணைப் பார்க்கச் சொல்வதா, காது கொடுப்பதா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தெரபி வேண்டுமென்றால், பெரும்பாலும் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். ஹாரன் சத்தம் தாங்காமல் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும். "புள்ளைய அடக்கத் தெரியலையா?" என்று யாராவது கேட்பார்கள். இத்தனையும் தாங்கிப் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

பழைய முறைக்கு ஒரே குறிக்கோள்: பிள்ளை மற்றவர்களைப் போல் ஆக வேண்டும். கையை உதறாதே, கண்ணைப் பார், அசையாமல் உட்கார். அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடித்தந்தது. வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பு நிலையை எட்டினார்கள் என்றது அது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடிப்பதும்கூட இருந்தன.

இதற்கு மறுப்பு ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே வந்தது. எங்களுக்காக அழ வேண்டாம் என்று 1993இல் ஜிம் சின்கிளேர் பெற்றோர்களிடம் சொன்னார். அந்தச் சிந்தனையில் வளர்ந்ததுதான் ஏற்புவழி உளச்சிகிச்சை. பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்குச் சிகிச்சை கொடு. பிள்ளையின் இயல்பை நோயாக நடத்தாதே என்கிறது அது. கையை உதறுவது உடல் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதைத் தடுத்தால் பார்ப்பவருக்கு நிம்மதி, பிள்ளைக்குத் தவிப்பு. கிரகணத்தில் வெளியே வந்தாள், வளர்ப்பு சரியில்லை என்று தாயின் தலையில் விழும் பழியையும் இந்தப் பார்வை இறக்கிவைக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் குறைகளும் உண்டு. இந்தச் சிந்தனையை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பேசவும் எழுதவும் முடிந்தவர்கள். பேச்சு வராத, கழிவறைக்கும் துணை வேண்டிய, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன செய்வது? "அது அவன் இயல்பு" என்று விட்டுவிட்டால் அது கைவிடுதல். பல்வலியா, காதுவலியா என்று தேட வேண்டும். படத்தைக் காட்டி "வேண்டாம்" என்று சொல்லவாவது பழக்க வேண்டும். ஏற்பு பயிற்சிக்கு எதிரி அல்ல. யாருக்காகப் பயிற்சி என்பதுதான் வேறுபாடு. இதைத் தெளிவாகச் சொல்லாததால், ஏற்புவழி என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது.

அடுத்த சிக்கல் மாற்றுத்திறனாளி சர்டிபிகேட். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் சேர்த்தது. ஆனால் அரசுப் பணி, உயர்கல்வி இடஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு குறைபாட்டைக் காட்ட வேண்டும். "என் பிள்ளைக்கு எவ்வளவு முடியாது" என்று நிரூபிக்கும் தாயிடம், குறையாகப் பார்க்காதே என்று பாடம் நடத்துவது நியாயமில்லை. முத்திரை குத்தக் கூடாதென்று அறிக்கை எழுதித்தரத் தயங்கும் ஆலோசகர், அந்தக் குடும்பத்தின் உரிமையைத்தான் தட்டிப்பறிக்கிறார்.

எனவே ஏற்பின் கொள்கை சரி. நகரத்து அறைக்குள் கட்டணத்துக்குக் கிடைக்கும் அதன் இன்றைய வடிவம் கிராமத்துக்குப் போதாது. அதற்கும் வழி இருக்கிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையின் போக்கைக் கவனித்து அதற்கு ஈடுகொடுக்கப் பெற்றோருக்குச் சொல்லித்தந்தார்கள். பெற்றோர் ஈடுகொடுப்பது கூடியது; பிள்ளைகள் தாங்களாகவே தொடர்புகொள்வதும் கூடியது. ஆய்வு சிறியதுதான். ஆனால் நிபுணர் இல்லாத ஊரிலும் இதைச் செய்ய முடியும் என்று காட்டியது. தமிழ்நாட்டிலேயே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் சமுதாயப் பணியாளர்கள் மூலம் மறுவாழ்வுப் பயிற்சியை வீடுகளுக்கே கொண்டுசெல்கிறது.

2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது. வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரோடு இந்தப் பயிற்சியும் வரட்டும். பிள்ளை எத்தனை முறை கண்ணைப் பார்த்தது என்ற கணக்கு வேண்டாம். வலியைச் சொல்ல முடிகிறதா, இரவில் தூங்குகிறதா, தாய்க்கு மாற்றாள் கிடைக்கிறாரா என்று பதிவேட்டில் எழுதட்டும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத தெரபி எந்தப் பெயரில் வந்தாலும், அதற்காகத் தாய் ஒருநாள் கூலியை இழக்கத் தேவையில்லை.